மகேந்திரராஜா பூட்டிய தண்ணீர்

ஜெர்மனியின் பீலெஃபெல்டில் வாடகைத் தோட்டம் வைத்திருந்த தமிழர்களில் பனிக்காலத்துக்கு முதல் ஒரு தோட்டத்தைக் கட்டி மூடத் தெரிந்தவர் யார் என்று கேட்டால், எல்லோரும் மகேந்திரராஜாவைத்தான் கைகாட்டியிருப்பார்கள். அக்டோபர் பிறந்துவிட்டால் மனிதருக்கு இருப்புக்கொள்ளாது. பாகற்பந்தலைப் பிரித்து, அதன் கயிற்றை முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் மாறிமாறிச் சுற்றி எட்டுப்போல மடித்து, நடுவில் ஒரு முடிச்சுப் போடுவார். உடுத்துக் கிழிந்த நீலக்கட்டச் சாரத்தை நாடாவாகக் கிழித்துக் செடி வளர்க்கும் கண்ணாடி வீட்டின் கதவை இறுக்குவார். கொட்டில் கூரையின் ஆணிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார். கடைசி வேலை தண்ணீர். புல்லுக்குள் மூடிபோட்ட குழி ஒன்று உண்டு. அதற்குள் கையை விட்டுக் கைபிடியைத் திருப்புவார். கைபிடி குழாயோடு நேராக நின்றால் தண்ணீர் திறந்திருக்கிறது, குறுக்காக நின்றால் பூட்டியிருக்கிறது. பிறகு கொட்டில் வாசலில் உள்ள பைப்பைத் திறந்துவிட்டு, குழாயில் மிஞ்சிய தண்ணீர் கடைசிச் சொட்டுவரை வடியும் மட்டும் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் குந்தியிருப்பார். இருபத்திரண்டு வருடத்தில் ஒருமுறையும் அவர் அதைத் தவறவிட்டதில்லை.

அப்பேர்ப்பட்டவர் தண்ணீரைப் பூட்ட மறந்ததால்தான் போன ஜனவரியில் செத்துப்போனார் என்று ஊர் பேசியது. பேசினால் பேசட்டும் என்று விட்டுவிடக்கூடிய பேச்சு இல்லை அது. ஏனென்றால் அது பொய். பொய் என்று தெரிந்த ஒரே ஆள் அவருடைய மனைவி சிவகௌரி. அவள் பத்து மாதமாக வாய் திறக்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். மகேந்திரராஜா அக்டோபர் முடிவிலேயே எல்லாவற்றையும் ஒழுங்காகப் பூட்டிவிட்டார். டிசம்பர் தொடக்கத்தில் கார்த்திகை விளக்கீடு வந்தது. சிவகௌரிக்கு வாசலில் நாலு சிட்டி விளக்காவது ஏற்றியாக வேண்டும். அவர்களுடைய வீடோ மூன்றாம் மாடி. பல்கனியில் விளக்கு வைத்தால் மேல்வீட்டுக்காரி தீயணைப்புப் படையைக் கூப்பிட்டுவிடுவாள், முன்னொருமுறை கூப்பிட்டும் இருக்கிறாள். அதனால் அவர் வேலைக்குப் போயிருந்த பின்னேரம், விளக்குகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு தனியாகத் தோட்டத்துக்கு வந்தாள். கழுவாத கொட்டில் வாசலில் எப்படி விளக்கு வைப்பது? குழிக்குள் கையை விட்டுத் தண்ணீரைத் திறந்தாள். வாசற்படியைக் கழுவினாள், மஞ்சள் தண்ணீர் தெளித்தாள், விளக்குகளை ஏற்றிக் கும்பிட்டாள். அதற்குள் பஸ் நேரம் வந்துவிட்டது. வாசல் பைப்பை மட்டும் மூடினாள். அவர் அதைச் சுற்றிக் கட்டியிருந்த சாரத்துணியை அவர் கட்டினமாதிரியே திரும்பக் கட்டினாள். வந்து போனது தெரிந்தால் நாலு நாளைக்குப் புறுபுறுப்பார் என்ற பயம். குழியை அடுத்த கிழமை வந்து பூட்டலாம் என்று நினைத்தாள், பிறகு நினைப்பே இல்லாமல் போயிற்று.

ஜனவரியில் குளிர் பூச்சியத்துக்குக் கீழே பன்னிரண்டு பாகைக்கு இறங்கியது. குழாய் வெடித்தது. பக்கத்துத் தோட்டத்துத் தமிழர் கிறிஸ்தோப்பர் காலையில் போன் எடுத்து, "மகேந்திரம், உம்மடை வாசலெல்லாம் தண்ணி ஓடி ஐஸாக் கிடக்கு" என்றார். மகேந்திரராஜா சப்பாத்தைக்கூடச் சரியாகக் கட்டாமல் ஓடினார். அந்த ஐஸில் சறுக்கி, அவள் கழுவிய அதே படியில் பின்மண்டை அடிபட விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்தார். அந்த இரண்டு நாளும் ஒரே சொல்தான். "நான் பூட்டினனான்." தாதியிடம் அதையே டொச் மொழியில் சொன்னார். மகன் லவன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "அப்பா, நீங்கள் மறந்திட்டியள். ஒத்துக்கொள்ளுங்கோ, அதிலை என்ன வெட்கம்" என்று முதலில் மெதுவாகவும் பிறகு உரத்தும் சொன்னான். அவர் மனைவியைப் பார்த்தார். சிவகௌரி அவருடைய நெற்றியைத் துடைத்துவிட்டு, "ஓம், விடுங்கோ" என்றாள். வீட்டுக்கு வந்ததும் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்பது அவளுடைய கணக்கு. மூன்றாம் நாள் விடிய அவர் போய்விட்டார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டும் ஒரே வீட்டுக்குள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு இருந்தன.

இந்த அக்டோபரில் வேலைகள் அவள் தலையில் விழுந்தன. முதல் சனிக்கிழமை பந்தலைப் பிரிக்க வந்தாள். பந்தல் பிரித்துக் கிடந்தது. கயிறு எட்டுப்போல மடித்து, நடுவில் முடிச்சோடு ஆணியில் தொங்கியது. கிறிஸ்தோப்பர் செய்திருப்பார் என்று வேலியால் எட்டி நன்றி சொன்னாள்.

"நான் தொடேல்லைத் தங்கச்சி," என்றார் அவர். "என்ரை வேலையே முடியேல்லை."

அன்றைக்குக் குழியைத் திறந்து பார்த்தாள். கைபிடி நேராக நின்றது. வெடித்த குழாயைத் திருத்திக் கோடைக்குத் திறந்ததுதானே என்று குறுக்காகத் திருப்பிவிட்டு வந்தாள்.

இரண்டாம் சனிக்கிழமை கண்ணாடி வீட்டின் கதவு நீலக்கட்டத் துணியால் கட்டியிருந்தது. அவருடைய கடைசி நீலக்கட்டச் சாரத்தை மாசி மாதமே தன் கையால் தெருமுனைப் பழைய உடுப்புத் தானப் பெட்டிக்குள் போட்டவள் அவள். துணியை மணந்து பார்த்தாள். அவரைப் போலவே மண்ணெண்ணெயும் வேர்வையும் மணத்தது. குழிக்குள் கைபிடி மறுபடியும் நேராக நின்றது. பூட்டினாள். மூன்றாம் சனிக்கிழமை கூரைத் தகரத்தில் புது ஆணிகள் மினுங்கின, கைபிடி மறுபடியும் நேராக நின்றது. அன்றும் பூட்டினாள்.

அவருடைய வேலை எல்லாம் முடிந்திருந்தது. அவள் விட்ட வேலை ஒன்றுதான் முடியாமல் நின்றது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று தன்னைத்தானே ஏசிக்கொண்டாள். ஏசினாலும் பயம் போகவில்லை. அந்த வெறும் தோட்டத்தில் நின்று, "இஞ்சேருங்கோ, என்னை என்ன செய்யச் சொல்லுறியள்?" என்று கேட்டாள். அத்தி மரத்திலிருந்து ஓர் இலை விழுந்தது. அவர் என்ன கேட்கிறார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

நாலாம் சனிக்கிழமை ஹனோவரிலிருந்து லவன் வந்தான். முப்பத்துமூன்று வயது, நல்ல உத்தியோகம், ஆனால் தகப்பன் செத்த நாளிலிருந்து பிள்ளை ஒரு தினுசாகிவிட்டான். அடுப்பை நிறுத்தினேனா என்று பாதி வழியில் காரைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போவான். கதவைப் பூட்டிவிட்டு, பூட்டிய கதவைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்வான். மறதி தகப்பனிடமிருந்து தனக்கும் இறங்கிவிட்டது என்று அவனுக்கு ஒரு முடிவு. செவ்வாய்க்கிழமை மூளை டாக்டரைப் பார்க்க நேரம் கேட்டு டெர்மின் எடுத்திருந்தான்.

"இது பரம்பரையா வாறதோ எண்டு டெஸ்ட் செய்யலாமாம் அம்மா," என்றான் காரை விட்டு இறங்கும்போதே. "தெரிஞ்சால் நல்லது. கலியாணத்தைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்."

சிவகௌரி செத்தவருடைய பெயரைத்தான் கெடுத்தோம் என்று இருந்தாள். இப்போது அந்தப் பொய் உயிரோடு இருக்கிற பிள்ளையையும் தின்னத் தொடங்கிவிட்டது. இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே தேத்தண்ணி ஊற்றினாள், வடையை எடுத்துக் கொடுத்தாள், காய்ந்த இலையைக் கூட்டினாள்.

லவன் போனில் எழுதி வைத்திருந்த பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தான். பந்தல், கண்ணாடி வீடு, கூரை. "எல்லாம் வடிவாச் செய்திருக்கிறியள் அம்மா." அவள் இலையைக் கூட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் குழியின் மூடியைத் தூக்கி உள்ளே போன் வெளிச்சத்தை அடித்தான்.

"அம்மா, இது திறந்தெல்லோ கிடக்கு. போன கிழமை பூட்டிட்டன் எண்டு போனிலை சொன்னனீங்கள்."

"நான் பூட்டினனான்," என்றாள் சிவகௌரி.

சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய சொல் என்று அவளுக்கு விளங்கியது. குரல்கூட அவருடையதைப் போலத்தான் தேய்ந்து வந்தது. லவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையை அவளுக்குத் தெரியும். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று தகப்பனைப் பார்த்த அதே பார்வை.

"மூண்டு தரம் பூட்டினனான் தம்பி. உண்மையா."

"ஓம் அம்மா, விடுங்கோ," என்றான் அவன், மிகவும் அன்பாக. "செவ்வாய்க்கிழமை நீங்களும் என்னோடை டாக்டரிட்டை வாங்கோ."

சிவகௌரி பைப்படியில் கிடந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் இருந்தாள். சரியாகச் சொன்ன மனிதனை "ஓம், விடுங்கோ" என்று விட்டால் உள்ளே என்ன செய்யும் என்பது இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அந்த நோவோடுதான் அவர் போயிருக்கிறார்.

"அப்பா மறக்கேல்லை," என்றாள்.

"அம்மா..."

"பொறு. நான் சொல்லி முடிக்கிறன். அப்பா மறக்கேல்லை. அவர் பூட்டினதை நான் வந்து திறந்தனான். விளக்கீட்டுக்கு இந்தப் படியைக் கழுவ. பஸ்சுக்கு நேரம் போச்செண்டு குழியைப் பூட்டாமல் வந்திட்டன். அவர் கண்டுபிடிக்கக் கூடாதெண்டு துணியையும் திரும்பச் சுத்திக் கட்டினனான். உனக்கு ஒரு மறதி வருத்தமும் இல்லைத் தம்பி. அவருக்கும் இருக்கேல்லை."

லவன் திரும்பிப் படலைவரை நடந்தான். கார்க் கதவு சாத்துகிற சத்தம் வரும் என்று அவள் காத்திருந்தாள், வரவில்லை. அவன் திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"பத்து மாசம் அம்மா."

"ஓம்."

"சாகக் கிடந்த மனுசனிட்டை நான் கத்தினனான், ஒத்துக்கொள்ளுங்கோ எண்டு. நீங்கள் பக்கத்திலை நிண்டு பாத்துக்கொண்டிருந்தனீங்கள்."

அவன் அவளைப் பார்க்காமல் குழியருகில் முழந்தாளிட்டுக் கையை உள்ளே விட்டான். விட்ட கை அப்படியே நின்றது.

"அம்மா, நீங்கள் இதைத் தொட்டனீங்களோ?"

"நான் வாளியை விட்டு எழும்பவே இல்லை."

அவன் போன் வெளிச்சத்தை உள்ளே பிடித்தான். அவள் எழுந்து வந்து பார்த்தாள். கைபிடி குறுக்காக நின்றது. தோட்டத்தில் அவர்கள் இருவரையும் தவிர வேறு யாரும் இல்லை. அந்த நேரம் பின்னால் வாசல் பைப்பிலிருந்து தண்ணீர் வடிகிற சத்தம் கேட்டது. அதையும் இருவரும் திறக்கவில்லை. முதலில் நூலாக ஓடியது, பிறகு சொட்டத் தொடங்கியது. லவன் ஈரப் புல்லிலேயே இருந்துவிட்டான். அவள் திரும்பப் போய் வாளியில் குந்தினாள். கடைசிச் சொட்டு விழ நெடுநேரம் எடுத்தது.

அது விழுந்ததும் சிவகௌரி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் கிறிஸ்தோப்பர் அப்போதுதான் வந்து இலை அள்ளத் தொடங்கியிருந்தார். மறதியால் போன மனிதர் என்று ஊருக்கு முதலில் சொன்னவர் அவர்தான். அவள் வேலியோரம் போய் நின்றாள்.

"அண்ணை," என்றாள், "என்ரை மனுசன் தண்ணியைப் பூட்டினவர்."