பின்கதவில் பெரியநாயகி

பெரியநாயகிக்கு அன்று காலையில் சோறு இறங்கவில்லை. உளுந்தூர்பேட்டை ரோட்டில் வெட்டிப்போட்ட புளியமரங்களோடு ஒரு டிரெய்லரும் குறுக்கே கிடக்கிறதாம், அதன் பின்கதவில் அவள் பேர் கொட்டை எழுத்தில் இருக்கிறதாம். அவர்கள் டிரெய்லர் பட்டறையின் பெயிண்டர் மாயவன் கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொன்னான். எண்பத்தேழில் இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வாரம் அது. போலீசுக்காரர்கள் ஊர் ஊராகப் போய் ஆளைப் பிடித்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

பேரைப் போடச் சொன்னதே அவள்தான். அடிமாட்டு விலைக்கு வந்த பழைய லாரி அச்சை வைத்துப் புருஷன் கண்ணாயிரம் முதல் டிரெய்லரைக் கட்டியபோது, கூட நின்று இரும்பு பிடித்தவள் அவள். தன் பேரை எழுதினால்தான் வண்டி வெளியே போகும் என்று அடம்பிடித்தாள். அதிலிருந்து பட்டறையை விட்டுப் போன எல்லா வண்டியிலும் ‘பெரியநாயகி டிரெய்லர், கள்ளக்குறிச்சி’தான். கரும்பு ஏற்றிப் போகும் வண்டியில் தன் பேரைக் கண்டால் அவளுக்குத் தலைகால் புரியாது. வாங்கினவன் பேர் மட்டும் எதிலும் கிடையாது. அப்புறம் போலீசு யாரைத் தேடி வரும்?

கண்ணாயிரத்துக்கு மறியலும் தெரியாது, மண்ணாங்கட்டியும் தெரியாது. பட்டறையே கதி என்று கிடக்கிற மனுஷன். பேரை அழிக்க வேண்டாம் என்று அவன் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. பட்டறையில் நின்ற வண்டிகள், வாசல் போர்டு எல்லாவற்றிலும் மாயவனை விட்டுப் பச்சைப் பெயிண்டை அப்பச் சொன்னாள். பொறுக்காமல் தானும் ஒரு பிரஷ்ஷை எடுத்தாள். அவசரத்தில் பாதி புடவையில் வழிந்தது.

மத்தியானம் ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் தன்மையாகத்தான் பேசினார். சங்கராபுரம் ரோட்டில் கிடக்கிற மரங்களை அள்ள ஒரு டிரெய்லர் வேண்டும், யாரைக் கேட்டாலும் இந்தப் பட்டறையைத்தான் காட்டுகிறார்கள் என்றார். பெரியநாயகிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மோர் எடுக்க உள்ளே ஓடினாள்.

சொம்போடு வந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. பட்டறை வண்டியின் பின்கதவில் சாய்ந்த கான்ஸ்டபிளின் காக்கிச்சட்டை முதுகெல்லாம் பச்சை. இன்ஸ்பெக்டர் போர்டைப் பார்த்தார், அவள் புடவையைப் பார்த்தார்.

“பேரை ஏம்மா அழிச்சீங்க?”

கண்ணாயிரம் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டாள்.

“அவுருக்கு ஒண்ணுந் தெரியாதுங்க. அந்த வண்டிய வித்து வருஷமாவுது. எம்பேருதான் அதுல இருக்குது, என்னை இட்டுகினு போங்க.”

“எந்த வண்டிம்மா?” என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். பதிலுக்குக் காத்திருக்காமல் கண்ணாயிரத்தை ஜீப்பில் ஏறச் சொன்னார்.