துணியில் தைத்து வந்த கண்ணாடி

18.9.1991, புதன்

இன்று டைப்பிங் வகுப்புக்குப் போகவில்லை. அதைவிடப் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. மெட்ராஸ் வியாபாரிக்குப் போன கடிதத்தில், "மரப்பெட்டி வேண்டாம், பஞ்சு வைத்துத் துணியில் தைத்தால் போதும்" என்று டைப் அடித்தது நான்தான். பத்மாசனி அக்கா அப்படிச் சொல்லவில்லை. எப்படிக் கட்டி அனுப்புவது என்று வியாபாரி கேட்டிருந்தார். நானாக ஒரு வரி சேர்த்தேன். அப்போது அது சின்ன விஷயமாகத் தெரிந்தது.

அக்கா என்னோடு மாலை வகுப்பில் படிக்கிறவர். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வேலை. பதவி உயர்வுக்காக இந்த வயதில் டைப்பிங் பழக ராஜபாளையத்துக்கு பஸ்ஸில் வந்து போகிறார். அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா போய்விட்டார். அப்பா மறுமணம் செய்தபோது வீட்டிலிருந்த படங்களும் எங்கோ போய்விட்டன. அம்மாவின் முகம் எப்படி இருக்கும் என்று அக்காவுக்குத் தெரியாது. பழைய கேமராவும் போட்டோக் கண்ணாடிகளும் விற்பதாக அந்த மெட்ராஸ் வியாபாரியின் விளம்பரம் ஒரு பத்திரிகையில் வந்தது. அக்கா எழுதிக் கேட்டதில், "ஸ்ரீவில்லிபுத்தூர் கல்யாணம், 1944" என்று அவர் அப்பாவின் பெயரோடு நான்கு கண்ணாடிகள் இருப்பதாகப் பதில் வந்தது. அந்தக் காலத்தில் பிலிமுக்குப் பதில் கண்ணாடியில்தான் படம் பிடிப்பார்களாம். அவற்றை அனுப்பச் சொல்லும் கடிதத்தைத்தான் அக்காவுக்காக நான் அடித்தேன்.

நான் பகலில் லாரி பார்சல் ஷெட்டில் கிளார்க். எங்களிடமிருந்து போவதில் பாதி பேண்டேஜ் துணி. எல்லாம் துணியில் தைத்த பொதிகள். பத்திரமான கட்டு என்றால் எனக்கு அதுதான் நினைவுக்கு வரும். அந்தப் பொதிகளை லாரி மேலிருந்து எறிவார்கள் என்பதும், மரப்பெட்டியை மட்டும் கைமாற்றி இறக்குவார்கள் என்பதும் தினமும் பார்ப்பதுதான். இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை.

காலையில் லோடு இறக்கும் சோணைமுத்து அண்ணன் லாரி மேலிருந்து எறிந்த பொதி ஒன்று சத்தம் போட்டது.

"ஏ தாயி பூரணம், இங்கன வா! எவனோ பேண்டேஜ் துணிக்குள்ள டம்ளர வச்சுத் தச்சிருக்கான்!"

ஓடினேன். பொதி மேல் அக்காவின் பெயர் இருந்தது. ஒரு மூலையில் தையல் பிரிந்து பஞ்சு தரையில் சிதறியிருந்தது. உள்ளே இருந்த காகிதமும் கிழிந்திருந்தது. அண்ணன் அதற்குள் கோணி ஊசியை எடுத்துத் தைத்துக்கொண்டிருந்தார். உள்ளே கண்ணாடி என்று சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது.

"கண்ணாடியப் போயி எவனாச்சும் துணியில தைப்பானா? பொட்டியில வந்தா நா தூக்கி எறிவனா தாயி?"

பொதியை வாங்கி என் மேஜைக்கடியில் வைத்தேன்.

சாயங்காலம் அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். பொதி வந்ததை மட்டும் மதியமே கோர்ட்டுக்குப் போன் செய்து சொல்லியிருந்ததால் அக்கா வாசலிலேயே நின்றிருந்தார்.

"மடியிலேயே வெச்சுண்டு வந்தியா? வா, வா. ஹுமாயூன் பாய்கிட்ட சொல்லி வெச்சுட்டேன். அவர் ஸ்டுடியோவிலேயே பிரிண்ட் போட்டுத் தரேன்னார்."

"அக்கா, பொதி கீழ விழுந்துருச்சுக்கா."

அவர் உள்ளே போய்க் கத்திரிக்கோல் எடுத்து வந்தார்.

முதல் கண்ணாடியில் நாதஸ்வரக்காரர்கள், முழுதாக இருந்தது. இரண்டாவதில் பந்தி. மூன்றாவதில் யார் யாரோ ஆண்கள். மூன்றும் முழுசு. நான்காவதைப் பிரிக்கும்போதே சத்தம் கேட்டது. துண்டுகளை அக்கா ஒவ்வொன்றாக ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினாற்போல் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு மேஜையில் ஒரு வெள்ளைத் தாள் மேல் வைத்துச் சேர்த்தார். அப்பா முழுதாகக் கிடைத்தார். பக்கத்தில் புடவை, மாலை, ஒரு கை. மேலே கூந்தல். நெகட்டிவ் என்பதால் கூந்தல் வெளுப்பாகவும் அதில் வைத்த பூ கறுப்பாகவும் இருந்தன.

"அம்மாவுக்கு நரைச்சுடுத்து, பாரேன்" என்றார் அக்கா. அம்மா இருபது வயதில் போனவர்.

கூந்தலுக்கும் மாலைக்கும் நடுவில் தீப்பெட்டி அளவுக்கு வெறும் தாள் தெரிந்தது. காகிதத்தை உதறினோம், பஞ்சைப் பிய்த்துப் பார்த்தோம். அந்தத் துண்டு இல்லை.

"அக்கா, பொட்டி வேண்டாம்னு எழுதுனது நாந்தான்க்கா. ஒங்களக் கேக்கல."

அவர் அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையெழுத்துப் போட்டது நானில்லையா? படிச்சுட்டுத்தானே போட்டேன். எனக்கும் சரின்னுதான் பட்டது." விரலால் அந்த இடத்தைக் காட்டி, "அதை விடு. முகம் எங்கே விழுந்திருக்கும், அதை யோசி" என்றார்.

அப்போதுதான் ஷெட் தரையில் சிதறிய பஞ்சு நினைவுக்கு வந்தது. அண்ணன் அள்ளித் திணித்தது போக மீதி அங்கேயே கிடந்தது. சாயங்காலம் ஷெட்டைப் பெருக்கும் குருவம்மாள் அதைக் கூட்டி அள்ளிக் கழிவுச் சாக்கில் போட்டிருப்பாள். காலையில் கழிவுப் பஞ்சு வண்டி வந்து சாக்கை எடுத்துப் போய்விடும்.

அக்காவிடம் சொன்னேன். "கெடைக்கும்" என்று சொல்லவில்லை, எனக்குத் தெரியாது.

நாளை: வண்டி வருவதற்கு முன் ஷெட்டுக்குப் போய்க் கழிவுச் சாக்கைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். பழைய வேட்டி ஒன்று கொண்டுபோக வேண்டும். பஞ்சை அதன் மேல் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். சாக்குக்குள் கையை விட்டுத் துழாவக் கூடாது. அம்மாவின் முகத்தில் கீறல் விழும்.