புரட்டாசி சனிக்கிழமை எடுத்த கணக்கு

ரோட்டை அகலப்படுத்தக் கணக்கெடுக்க வந்தவர்களுக்கு நாள் கிழமை ஒன்றும் கிடையாது. வருஷத்தில் இத்தனை நாள் கிடக்க, போன புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமையில்தான் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். நான் அப்போதுதான் பெருமாள் கோவிலுக்குப் போய்வந்து, மாவிளக்கு ஏற்றி, தளிகை போட்டு முடித்திருந்தேன். நெற்றியில் நாமம், கையில் துளசித் தீர்த்தம். கோபமே வரக்கூடாத நாள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருப்பது மாடம்பாக்கம் முழுக்கத் தெரியும்.

வந்தவர்களில் ஷர்மிளா என்ற பெண்தான் பொறுப்பானவள். கூட வந்த இருவரும் டேப் பிடித்து அளந்து, சுவரில் சிவப்புப் பெயிண்டால் அம்புக்குறி போட்டார்கள். எங்கள் வாசலில் இருந்த மூன்று கடைகளில் இரண்டு போகும் என்றார்கள். கட்டடம் போகிறவர்களுக்கு இழப்பீடு உண்டு. ரோட்டோரம் உட்கார்ந்து வியாபாரம் செய்கிறவர்களுக்கு, அகரம்தென் பக்கம் கட்டப்போகும் மார்க்கெட்டில் ஆளுக்கு ஒரு கடை. அன்றைக்குப் பட்டியலில் பேர் ஏறினால் உண்டு, இல்லாவிட்டால் எதுவும் கிடையாது. இதையெல்லாம் ஷர்மிளா பொறுமையாகவே சொன்னாள்.

"அம்மா, உங்க வாசல் ஓரமா யாராவது கடை போடறாங்களா? பூ, காய்கறி, மீன்..."

"நாமம் போட்டுக்கிட்டு நிக்கறேன், இன்னிக்குப் போய் அந்தப் பேச்செடுக்கறியேம்மா! இங்க யாரும் இல்ல" என்றேன்.

அவள் அந்த இடத்தைப் பார்த்தாள். மஞ்சள் தண்ணீர் தெளித்து, பெரிதாக ஒரு படிக்கோலம் போட்டு வைத்திருந்தேன். ஒரு செதில்கூடக் கிடையாது. "கோலம் ரொம்ப அழகா இருக்கும்மா" என்று சொல்லி ஒரு போட்டோ எடுத்தாள். 'காலி இடம்' என்று எழுதிய தாளை நீட்டினாள். லோகநாயகி என்று நீட்டி முழக்கிக் கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் நின்ற என் மகன் ஹேமநாத் வாயைத் திறக்கவில்லை. தையல் கடை தயாளன் மிஷினிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். வாடகைக்கு இருக்கிறவர், பாவம்.

அந்த இடத்தில் முத்தாலம்மாள் இருந்தாள். இருபத்திரண்டு வருஷமாக இருந்தாள்.

பனையூர் குப்பத்திலிருந்து மூன்று வண்டி மாறி வருவாள். தலையில் மீன் நிறைந்த அன்னக்கூடை, இடுப்பில் சுருக்குப் பை, வாய் நிறைய வெற்றிலை. முதல் நாள் அவள் வந்து குந்தியபோது இந்த ரோட்டில் எதிரெதிரே இரண்டு பஸ் வந்தால் ஒன்று மண்ணில் இறங்கி நிற்கவேண்டும். எதிர்ப்பக்கம் எங்கள் நிலம்தான். அப்போதே பயிர் வைப்பதை விட்டுவிட்டோம். மனை போட்டு விற்றுக்கொண்டிருந்தோம். "யாரைக் கேட்டு இங்க உக்காந்த?" என்று சண்டைக்குப் போனேன். "நெழலு கீது, குந்திகினேன். நெழலுக்கு நீதான் ஓனரா?" என்றாள். வாயாடிக்கு வாயாடி பிடித்துப்போயிற்று. அன்றைக்கு சங்கரா வாங்கினேன்.

அதற்குப் பிறகு நான் வேறு யாரிடமும் மீன் வாங்கினதில்லை. எனக்குச் செவுளைத் தூக்கிப் பார்க்கத் தெரியாது. "இன்னிக்கு வஞ்சிரம் வேணாம்க்கா, ஐஸ்ல நாலு நாளு கெடந்தது. காரப்பொடி எட்துக்கோ" என்பாள். எடுத்துக்கொள்வேன். விலையில் மட்டும் விடமாட்டேன். தெருவே கேட்கும்படி பேரம் நடக்கும். என் வீட்டுக்காரர் கேசவன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு அதைக் கேட்பதற்கென்றே வாசலில் நாற்காலி போடுவார். "இன்னிக்கு யார் ஜெயிச்சது?" என்று அவளிடம்தான் கேட்பார், என்னிடம் கேட்கமாட்டார்.

அவர் போனபோது பதினாறு நாளும் அவள் எங்கள் வாசலுக்கு வரவில்லை. சாவு வீட்டுக்கு எதிரே மீன் வாடை ஆகாதென்று ரோட்டுக்கு அந்தப் பக்கம், மொட்டை வெயிலில் உட்கார்ந்தாள். ஒருநாள்கூடக் கூவி விற்கவில்லை. பதினேழாம் நாள் கெழங்கா மீனை ஆய்ந்து கழுவி எடுத்துவந்து அடுப்படியிலேயே வைத்தாள். "நீ ஒயிங்கா துன்னு எத்தினி நாளாச்சி. இத்த கொயம்பு வெச்சி துன்னுக்கா" என்றாள். அவள் முன்னால்தான் நான் முதல் முறையாக வாய்விட்டு அழுதேன். சொந்தக்காரர்கள் முன்னால் அழவில்லை.

புரட்டாசி பிறந்தால் இந்தப் பக்கம் ஒரு வீட்டிலும் மீன் வாங்கமாட்டார்கள். அதனால் ஆவணி கடைசி நாளில் பலகை, அருவாமனை, பெரிய குடை எல்லாவற்றையும் எங்கள் தோட்டத்துப் பக்கம் போட்டுவிட்டு, "பெருமாள கேட்டதா சொல்லு" என்று போய்விடுவாள். ஒரு மாதம் குப்பத்தில் கருவாடு காயப்போடுவாள். ஐப்பசி முதல் தேதி அவள் வருவதற்குள் தெருவில் பத்துப் பேர் பையோடு நிற்போம். முதல் மீன் எனக்கு. அதற்குக் காசு வாங்கமாட்டாள்.

போன ஐப்பசி முதல் தேதியும் வந்தாள். பலகையைப் போட்டு, தண்ணீர் தெளித்து உட்கார்ந்தாள். தயாளன் கடைக்குள் போய் ஏதோ பேசிவிட்டு வந்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"லோகுக்கா, இங்க குந்துறவங்க லிஸ்ட்டு எட்தாங்களாமே. என் பேரு அதுல இல்லியாமே?"

"அன்னிக்கு நீ வரலல்ல. விட்டுப்போயிருக்கும்" என்றேன்.

"அப்டியா" என்றாள். ஒரு கொடுவா மீனை எடுத்து, என் பாத்திரத்துக்கு ஏற்றபடி துண்டு போட்டு, எப்போதும்போல் காசு வாங்காமல் கொடுத்தாள். கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். வெட்கம் கெட்ட கை. குழம்பு வைத்தேன், இறங்கவில்லை. ஒரு மாத விரதத்துக்குப் பிறகு வந்த மீனை அப்படியே பூனைக்குப் போட்டேன்.

பட்டியலில் விட்டுப்போனவர்கள் முறையிட ஒரு நாள் குறித்திருந்தார்கள். ஆதாரம் வேண்டும். அந்தச் சனிக்கிழமைக்கு முன்னால் அங்கே வியாபாரம் செய்ததற்கு ஒரு ரசீது, இல்லாவிட்டால் ஒரு போட்டோ. முத்தாலம்மாளுக்கு யார் ரசீது கொடுத்தார்கள்? எங்கள் வீட்டில்தான் ஐந்து ஆல்பம் இருக்கிறதே, இருபது வருஷத்துப் படங்களும் அந்த வாசலில் நின்று எடுத்ததுதானே, ஒன்றிலாவது இருக்கமாட்டாளா என்று பீரோவைத் திறந்து உட்கார்ந்தேன்.

ஹேமநாத் முதல் நாள் ஸ்கூலுக்குப் போனது, சேலையூரில் அந்த ஸ்கூல் புதிதாகத் திறந்திருந்த வருஷம். என் வீட்டுக்காரர் முதல் முதலாக ஸ்கூட்டர் வாங்கி மாலை போட்டது. ஹேமநாத் கல்யாணத்துக்கு வாசலில் வாழைமரம் கட்டியது. மருமகள் ஆரத்திக்கு நின்றது. எல்லாப் படத்திலும் அந்த இடம் இருக்கிறது. ஒரு படத்திலும் அவள் இல்லை. சில படங்களில் பலகையின் ஈரம் மட்டும் தெரிகிறது.

ஏன் இல்லை என்று யோசிக்க நேரமே ஆகவில்லை. ஒவ்வொரு தடவையும் நான்தான் சொன்னேன்: "முத்தாலு, கொஞ்சம் தள்ளிக்கோ. போட்டோல மீன் கூடை விழுது." அவளும் சிரித்துக்கொண்டே கூடையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப்போவாள். ஸ்கூட்டர் படத்தில் என் வீட்டுக்காரர் கேமராவைப் பார்க்காமல் ஓரமாகப் பார்த்துச் சிரிக்கிறார். அவள் அங்கே நின்றுகொண்டு ஏதோ கிண்டல் செய்திருக்கிறாள். அதைப் பார்த்தபோது எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஹேமநாத்திடம் சொன்னேன். அவனுக்குக் கோபம்.

"மா, நீ கையெழுத்துப் போட்டிருக்க. இப்ப மாத்திப் பேசினா நம்ம ஃபைலையும் திரும்பப் பிரிப்பாங்க. தயாளன் கடைக்கு முன்னாடி அப்பா போட்ட தகரக் கொட்டகை, அந்த இடம் புறம்போக்கு. அதையும் நம்மதுன்னு சேர்த்துக் குடுத்திருக்கேன். எல்லாம் போயிடும். அந்தம்மாவுக்கு வேணும்னா நாம கைல ஏதாவது குடுத்துடலாம்."

"நீ குடுக்கறது அவளுக்குத் தானம்டா. அவங்க குடுக்கறது அவளுக்கு உரிமை" என்றேன். இவ்வளவு நன்றாகப் பேசுவேன் என்று எனக்கே தெரியாது. கணக்கெடுத்த அன்றைக்கு இந்தப் பேச்சு எங்கே போயிருந்தது?

முறையீட்டு நாளில் கல்யாண மண்டபம் மாதிரி ஒரு ஹாலில் நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார்கள். முத்தாலம்மாள் எனக்கு முன்னாலேயே வந்து, சலவைப் புடவை கட்டி, பூ வைத்து, கடைசி வரிசையில் இருந்தாள். அவள் பேரைக் கூப்பிட்டதும் இரண்டு பேரும் எழுந்தோம்.

"ஆதாரம் ஏதாவது இருக்காம்மா?" என்று ஷர்மிளா கேட்டாள்.

"ஒன்னியும் இல்லம்மா" என்றாள் முத்தாலம்மாள்.

"நான் இருக்கேன்" என்றேன். குரல் தேவைக்குமேல் உரக்க வந்துவிட்டது, ஹாலே திரும்பிப் பார்த்தது. "இவ எங்க வாசல்ல இருபத்திரண்டு வருஷமா மீன் விக்கறா. நீங்க வந்த அன்னிக்குப் புரட்டாசி சனிக்கிழமை. ஊரே மீன் சாப்பிடாது, அதனால வரல. நீங்க யாராவது இருக்காங்களான்னு கேட்டீங்க. நான் யாரும் இல்லன்னு சொன்னேன். அது பொய். நல்ல நாள்ல வாசல்ல மீன் பேச்சு வேண்டாம்னு தெரிஞ்சே சொன்ன பொய். இவ சாமானெல்லாம் அப்ப எங்க தோட்டத்துலதான் கிடந்தது."

ஷர்மிளா என் பழைய தாளை எடுத்துப் பார்த்தாள். கோலத்தின் போட்டோ அதில் ஒட்டியிருந்தது.

"வீட்டுக்காரங்க எழுதிக் குடுத்தா அதையே ஆதாரமா எடுத்துக்கலாம். ஆனா உங்க வாக்குமூலத்தை மாத்தினா உங்க அளவையும் திரும்பப் பாக்கவேண்டி வரும்மா. அந்தக் கொட்டகை..."

"புறம்போக்குதான். அடிச்சுடுங்க."

எழுதினாள். எனக்குக் கீழே, தன் கடைக்காக வந்திருந்த தயாளனும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். முத்தாலம்மாளின் கைரேகை எடுத்து, போட்டோ எடுத்து, வரிசை எண் போட்டார்கள். கொட்டகையைப் பேனாவால் கோடு கிழித்து அடித்தார்கள். எல்லாம் கால் மணி நேரத்தில் முடிந்தது.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தோம். அவள் சுருக்குப் பையைத் திறந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினாள்.

"ஏசணும்னா ஏசிடுடி" என்றேன்.

"இன்னாத்துக்கு ஏசணும்? நீ சொன்னது எனக்கு ஐப்பசி ஒன்னாந்தேதியே தெரியும்க்கா. தயாளன் அண்ணன் அல்லாத்தையும் சொல்ட்டாரு."

அன்றைக்கு அவள் அறுத்துக் கொடுத்த கொடுவாத் துண்டுகள் கண்முன் வந்தன.

"தெரிஞ்சும் ஏண்டி கேக்கல? கடையே போயிருக்குமே."

"கேட்டனே. லிஸ்ட்ல இல்லியாமேன்னேன். அன்னிக்கு நீ வரலல்லன்னு சொன்ன. மறுக்கா கேட்டு, நீ மறுக்காவும் பொய் சொல்ட்டீனா? கட போனா இன்னோரு எடம் பாத்துக்குவேன். உன் வாசல்ல நானு எந்த மூஞ்சிய வெச்சிகினு குந்துறது? அதான் வுட்டுட்டேன்."

அந்த வாசலே இன்னும் இரண்டு மாதத்தில் ரோடாகப் போகிறது. அது அவளுக்கும் தெரியும். அந்த இரண்டு மாதம் என் எதிரே எப்போதும்போல் உட்கார்ந்திருக்கவேண்டும் என்பதற்காகத்தான், காலத்துக்கும் சோறு போடுகிற கடையை விடத் துணிந்திருக்கிறாள். நான் அவள் தோளில் சாய்ந்து, போகிற வருகிறவர்கள் பார்க்கப் பார்க்க, வாய்விட்டு அழுதேன்.