சாப்பிடாத விருந்தாளி

கண்ணாடித் தொட்டியை ஆறு பேர் மூச்சுவாங்க மூன்றாம் மாடிக்கு ஏற்றியபோது, செங்கடலோர ஹுர்காதாவின் அந்தத் தெரு மொத்தமும் கடைகளை அப்படியே போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. தொட்டி கூடத்துக்குள் இறங்கிய நொடியில் கட்டடம் ஒரு விரற்கடை கடல் பக்கமாகச் சாய்ந்துவிட்டது என்று கேப்டன் தர்வீஷ் இன்றும் சத்தியம் செய்வார்.

"விருந்தாளிங்க உக்கார்ற கூடத்துல எனக்கு ஒரு சக்களத்தியக் கொண்டாந்து வச்சிட்டீங்களே, கேப்டன்!" என்றாள் மனைவி இன்ஷிராஹ்.

முப்பது வருடம் அடியில் கண்ணாடி பதித்த படகை ஓட்டியவர் தர்வீஷ். பாதி உலகம் அவர் படகில் குனிந்து பவளப்பாறையைப் பார்த்து வாய்பிளந்திருக்கிறது. பார்க்காத ஒரே ஜீவன் இன்ஷிராஹ்தான். கடலையே பார்க்காத கெனாவின் கரும்புக்காட்டில் பிறந்தவள். கல்யாணமான புதிதில் ஆசையாகப் படகில் ஏற்றினார்; கயிறுகூட அவிழ்க்கவில்லை, அதற்குள் கல்யாண விருந்தின் புறாக்கறி முழுவதும் செங்கடலில் சேர்ந்துவிட்டது. அன்றிலிருந்து மாடியில் துணி காயப்போடும்போதுகூடக் கடலுக்கு முதுகைத்தான் காட்டுவாள். கீழே ஒரு தோட்டமே இருக்கிறது, மீன்கள் பூ மாதிரி மலரும் என்று அவர் வர்ணித்தால், "கொஞ்சம் உப்புக் கம்மியாப் போட்டுச் சொல்லுங்க" என்பாள். படகை விற்றாயிற்று. அவள் தன் கண்ணால் ஒருமுறை அந்தக் கடலடித் தோட்டத்தைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை மட்டும் விலைபோகவில்லை. அவள் கடலுக்கு வரமாட்டாள். ஆகவே கடலை மாடிக்கு வரவழைத்தார்.

மணல், பாறை, பண்ணையில் வளர்த்த பவளத் துண்டுகள், வண்டி வண்டியாகக் கடல்நீர் எல்லாம் வந்தன. மீன் மட்டும் வரவில்லை. மீனின் கழிவைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்கள் முதலில் தண்ணீரில் குடியேற வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் பொறுக்க வேண்டும். பக்கத்து வீட்டு தஹானி தட்டு நிறைய ரவைக் கேக்கோடு வாழ்த்துச் சொல்ல வந்தாள்.

"மீன் எங்க, கேப்டன்?"

"வரும்."

"எங்க மாப்பிள்ளையும் இப்படித்தான். வீடு பாத்துட்டேன், வேலை பின்னாடியே வருதுன்னாரு. இன்னும் வந்துகிட்டே இருக்கு."

இன்ஷிராஹ் தலைத்துணி நழுவும்வரை சிரித்தாள். தொட்டிப் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

கடைசியில் ஒரு கோமாளி மீன் வந்தது. பேரீச்சம்பழ அளவு, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை. வந்ததும் பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. "ஒரு வாய் திங்க மாட்டேங்குதே" என்று மீன் கடைக்காரரிடம் தர்வீஷ் தொலைபேசியில் புலம்பியது சமையலறைக்குக் கேட்டது. திராட்சை இலையில் சோறு சுருட்டிக்கொண்டிருந்த இன்ஷிராஹின் கை நின்றது. தன் வீட்டில் ஒருவர் பட்டினியா? கெனாவில் விருந்தாளி பசியோடு படியிறங்கினால் ஏழு தலைமுறைக்கு அந்த வீட்டில் யாரும் பெண்ணெடுக்க மாட்டார்கள்.

சில நாளில் தொட்டித் தண்ணீர் பால்போல வெளுத்தது. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. தர்வீஷ் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தார். மணலில் சோற்றுப் பருக்கை, ஈரல் துணுக்கு, பாதி திராட்சை இலைச் சுருள்.

"இன்ஷிராஹ்!"

கரண்டியோடு வந்து நின்றாள். "நீங்க இருந்தா கூச்சப்படுது. நீங்க தொழுகைக்குப் போனப்புறம் நான் கூப்பிட்டா கண்ணாடிகிட்டயே வந்து நிக்குது. வால ஆட்டுது. பேருகூட வச்சிருக்கேன்."

"என்ன பேரு?"

"பாஷா."

அவருக்குத் தொண்டைவரை வந்த கோபம் அங்கேயே தங்கிவிட்டது. யாரும் பார்க்காதபோது இவள் தொட்டிமுன் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். இப்போது ஒரு வார்த்தை கடிந்து சொன்னால், மறுபடி முதுகைக் காட்டிவிடுவாள்.

"செத்துருவானா?" அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உடனே பாதித் தண்ணிய மாத்தணும். புதுக் கடல்தண்ணி வேணும். நான் குனிஞ்சா இந்த இடுப்பு நிமிராதே..."

அவர் முடிப்பதற்குள் அவள் இரண்டு கேன்களோடு படியிறங்கிவிட்டாள்.

வாடகை ஆட்டோவான டுக்டுக்கைச் சாலையில் நிறுத்திவிட்டு, தெளிந்த தண்ணீர் உள்ள சிறு வளைகுடாவின் கரைக்கு இறங்கினார்கள். அலை அவள் செருப்பை நக்கியது. ஓரடி பின்வாங்கினாள்.

"எவ்வளவு ஆழம்?"

"முட்டி அளவுதான்."

"நீங்க இடுப்புன்னா முட்டி, முட்டின்னா கணுக்கால். தெரியாதா எனக்கு!"

கண்களை இறுக மூடிக்கொண்டு நடந்தாள். உண்மையிலேயே முட்டி அளவு. தர்வீஷின் வாழ்க்கையில் அபூர்வமான தருணம். முதல் கேனை நிரப்பிக் கொண்டுவந்து அவர் மார்பில் சாய்த்துவிட்டு, மறுபடி உள்ளே போனாள். இந்த முறை கண்களை மூடவில்லை.

திரும்பி வரவும் இல்லை.

கறுப்பு அங்கி அவளைச் சுற்றிக் குடைபோல விரிந்து மிதந்தது. அவள் அசையாமல் குனிந்து காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் நீள நீல மீன்கள் கூட்டமாக அவள் கால்விரல்களை முகர்ந்துவிட்டு விலகின, திரும்பவும் வந்தன. சாலையில் டுக்டுக் ஓட்டுபவன் ஹாரனை அடித்தான். பாஷா காத்திருக்கிறான் என்று சொல்ல தர்வீஷ் வாயெடுத்தார். அவள் திரும்பாமலே கையை உயர்த்தி அடக்கினாள்.

"இதெல்லாம் சாப்பிட்டிருக்குமா, கேப்டன்?"

அவள் கை அங்கியின் பைக்குள் எதையோ துழாவியது. பிடியிலிருந்து நழுவிய இரண்டாவது கேன், வாயைத் திறந்தபடி, மெல்ல மெல்லப் பவளப்பாறையின் பக்கமாக மிதந்து போய்க்கொண்டிருந்தது.