இடப்பக்க முடிச்சு

காலையில் ஐந்தே முக்காலுக்கு எழுவேன். பல் துலக்குவேன். பால் பாக்கெட்டை வெட்டி, காய்ச்சி, காபி போடுவேன். பாக்கெட் வெட்டுவது அவள் இருந்தபோதே என் வேலையாகிவிட்டது. கடைசி ஆறு மாதம் பாக்கெட்டையும் கத்தரிக்கோலையும் என் முன்னால் வைத்துவிட்டு நிற்பாள். ஏன் என்று கேட்டால், "பின்ன எதுக்குக் கல்யாணம் பண்ணினேன்?" என்பாள். காபியை நின்றபடி குடிப்பேன். படியிறங்கும்போது கீழ்வீட்டுக்காரர் சாப்பிட்டாச்சா என்று கேட்பார். ஆச்சு என்பேன். சாப்பிடாத நாளிலும் ஆச்சுதான். கேட்டவருக்கும் கடமை முடிய வேண்டுமே.

அவள் போய் மூன்று மாதம். இந்த மூன்று மாதமும் யார் எது கேட்டாலும் சரி என்றே சொல்லிவந்தேன். துணிமணிகளை எடுத்துக்கொள்ளட்டுமா என்றார் மாமியார். சரி. தையல் மெஷின்? சரி. அவள் விட்ட பட்டத்தை அவள் தம்பி கேட்கிறான் என்றார். அதற்கும் சரி என்று ஃபோனை வைத்த பிறகுதான், அது மட்டும் சரியில்லை என்று பட்டது. சொன்ன சொல்லை மாற்ற ஒரு காரணம் வேண்டும். என்னிடம் இல்லை. எனக்குப் பட்டம் விடவும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்தான். எடுத்துப் போவதற்கு முன் ஒருமுறை விட்டுப் பார்த்துவிடலாம் என்றான். வீட்டுக்குப் பின்னால் டிரைவிங் ஸ்கூல் மைதானம். அங்கேதான் அவளும் விடுவாள்.

இது ஒற்றை நூலும் வாலும் உள்ள பட்டமல்ல. இறக்கை விரித்த முக்கோணம். இரண்டு நூல், கைக்கு ஒன்று. இடதை இழுத்தால் இடப்பக்கம் திரும்பும், வலதை இழுத்தால் வலப்பக்கம். கீழே கார்கள் எட்டுப் போடும், மேலே அவள் எட்டுப் போடுவாள். கோட்டைத் தொடுவது கார்கள்தான். நாலு வருடக் கல்யாண வாழ்க்கையில் என் பங்கு, இருபத்தைந்து மீட்டர் தள்ளி பட்டத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, அவள் சொன்னதும் கையை எடுப்பது.

மச்சினன் பிடித்துக்கொண்டான். என்னை விடச் சொன்னான். காற்று முதுகில் படும்படி நின்று, கைகளை முன்னே நீட்டி, ஒரு அடி பின்வைத்து, இரண்டையும் ஒன்றாக இடுப்புவரை இழுக்க வேண்டும். இழுத்தேன். பட்டம் ஆள் உயரம் எழுந்தது, யோசித்தது, உட்கார்ந்துவிட்டது.

காற்று போதாது, சூத்திரத்தை மாற்ற வேண்டும் என்றான். பட்டத்தின் முன்பக்கம் குச்சிகளில் கட்டியிருக்கும் நூலுக்குச் சூத்திரம் என்று பெயர். காற்றில் பட்டம் எவ்வளவு சாய வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. கல்லூரியில் நான் படித்த சூத்திரங்கள் எதையும் முடிவு செய்யவில்லை. இரண்டு பக்கமும் நூல் கட்டிய இடத்தை அரைவிரல் அளவு பட்டத்தின் மூக்குப் பக்கம் நகர்த்தினான்.

இந்த முறை நன்றாக எழுந்தது. பிறகு இடப்பக்கம் வளைந்து தரையில் குத்தியது. அடுத்த முறையும் அதே. கார் பழகிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"சமமா இழுக்கறீங்களா அத்தான்?"

"சமமாத்தான்."

"கணக்குப் படிச்சவர் சொன்னா சரி."

நூல்களை நீட்டி அளந்தான். சமமாகவே இருந்தன. அதன்பிறகு சூத்திரத்தைப் பார்த்தான். அதன் இரு பக்கமும் சிறு கயிறு ஒன்று தொங்கும். அதில் மூன்று முடிச்சுகள். ஏதாவது ஒரு முடிச்சில் நூலைச் சுருக்குப் போட்டு மாட்டுவது வழக்கம். வலப்பக்கம் நுனி முடிச்சில் மாட்டியிருந்தது. இடப்பக்கம் நுனியை விட்டு, நடு முடிச்சையும் விட்டு, உள் முடிச்சில். அதாவது மாட்டியபின் இடது நூல் நாலு விரல் குட்டை.

"அக்கா தப்பா மாட்டியிருக்கா" என்றான்.

அவள் அப்படி மாட்டுகிறவள் இல்லை. கயிற்றை வாங்கிப் பார்த்தேன். இடப்பக்க நுனி முடிச்சில் சுருக்கு அழுத்திய பழைய தடம் இருந்தது. நடு முடிச்சிலும் இருந்தது. உள் முடிச்சில் புதுத் தடம். ஒரே நாளில் மாற்றியதல்ல.

அப்படியே மாட்டச் சொன்னேன். மறுபடி நின்றேன். வலது கையை இடுப்புவரை இழுத்தேன். இடது கையை நாலு விரல் முன்னாலேயே விட்டுவிட்டேன், வராத கை மாதிரி. பட்டம் நேராக ஏறியது. உச்சியில் நின்றது. கழுத்து வலிக்கும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தலையில் கட்டி என்று கண்டுபிடித்தபோது பதினோரு நாள் மிச்சம் இருந்தது. கை கால் பலவீனம் ஏதாவது இருந்ததா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்று சொன்னது நான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

பட்டம் இறங்கியதும் மச்சினன் வந்தான். அவனிடம் பால் பாக்கெட்டைப் பற்றிச் சொன்னேன். அவன் தன் இடது கையைப் பார்த்துக்கொண்டான்.

"முடிச்சை மாத்திடவா? ரெண்டு நிமிஷ வேலை."

"வேண்டாம். பட்டத்தைத் தரப்போறதில்ல."

"அம்மாகிட்ட சரின்னீங்களாமே."

"சரின்னேன். இப்ப இல்லங்கறேன்."

தலையாட்டினான். நூலைச் சுற்ற ஆரம்பித்தான். பாதியில் நிறுத்திக் கேட்டான்: "அம்மா வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்றாங்களே, அக்கா கடைசியா 'அவரைத் தனியா விட்டுடாதீங்க'ன்னு சொன்னான்னு. நிஜமா?"

அவள் கடைசியாகப் பேசியபோது மாமியார் ஆஸ்பத்திரியின் கீழே மருந்துக் கடை வரிசையில் நின்றிருந்தார். அறையில் நான் மட்டும்தான். அவள் சொன்னது வெளியே சொல்லும்படி இல்லை என்பதால் மாமியார் சொன்னதையே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நினைவு தப்பிப் பேசினாள் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்தேன்.

ஒரு மணி நேரமாகக் கட்டிலோரம் உட்கார்ந்து அவள் இடது கையைப் பிடித்திருந்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பிறகு நான் பிடித்திருந்ததைப் பார்த்தாள். கத்தரிக்கோலை முன்னால் வைக்கும் அதே குரலில் சொன்னாள்:

"அந்தக் கை இல்ல. இந்தக் கை."