பலகையை விட்டு இறங்காத கால்

சினாட்சுவின் முதுகில் அறுபது கிலோ இருந்தது. மரச்சட்டத்தில் அடுக்கிக் கட்டிய ஐந்து பெட்டிகள், அவள் தலைக்கு மேலும் ஒரு முழம் உயர்ந்து நின்றன. அடியில் பீர், நடுவில் முட்டைக்கோஸும் மிசோ என்கிற சோயா விழுதும், உச்சியில் இருநூறு முட்டை. ஜப்பானின் ஓசே சதுப்பின் நடுவில் இருக்கும் விடுதிக்கு வண்டி போகாது. சதுப்பின் மேல் போட்ட பலகைப் பாதையில் ஆள்தான் சுமக்க வேண்டும்.

"முட்டை உடைஞ்சாக்கூட ஆம்லெட்னு சமாளிச்சுக்கலாம்" என்று காலையில் மலைக்கணவாயில் சுமை கட்டும்போதே சுமைக்காரர்களின் தலைவர் ஹகிவாரா சொல்லிவிட்டார். "கால் மட்டும் பலகையை விட்டு இறங்கக் கூடாது. இறங்குச்சு, நாளைலேருந்து மறுபடி அடுப்படிதான். அங்க பாத்திரமெல்லாம் உன்னைத் தேடுதாம்." சொல்லிவிட்டு, குளிருக்கு இதமாக இரண்டு பெரிய கோப்பை டீயும் அவரே ஊற்றிக் கொடுத்தார்.

போன வருடம் உறைபனியில் வழுக்கி, சினாட்சுவின் இடது கால் சதுப்புக்குள் போய்விட்டது. இரண்டு மிசுபாஷோச் செடிகள் நசுங்கின. இந்தச் சதுப்பில் ஒரு காலடிப் பள்ளம் தூர பல வருடம் ஆகும். சுமைக்காரர்கள் அதற்குச் 'சினாட்சு குளம்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். "மீனு ஏதும் விட்டிருக்கியாக்கா?" என்று சுமைக்காரப் பையன் நொபோரு கேட்காத நாள் கிடையாது. கூடச் சேர்ந்து சிரிப்பாள். உள்ளே பற்றி எரியும். அன்றிலிருந்து ஒரு வருடமாக அவளுக்குச் சமையலறை வேலைதான். இன்று நொபோருவின் முட்டி வீங்கிப்போனதால் சுமை அவளிடம் வந்தது. இனிமேல் இதை யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

மே மாதக் கடைசி. பனி உருகிய தண்ணீரில், கண்ணுக்கு எட்டிய மட்டும் மிசுபாஷோ. குவித்த கைபோல ஒரு வெள்ளை மடல், அதற்குள் விரல்போல மஞ்சள் தண்டு. நம்மூர்ச் சேம்புக்கு ஒன்றுவிட்ட உறவு. குணமும் அதேதான், பச்சையாகத் தின்றால் தொண்டை அரித்துத் தள்ளிவிடும். டோக்கியோக்காரர்கள் இதைப் படம் பிடிக்க வருகிறார்கள். கரடிகள் தின்ன வருகின்றன. குளிர்காலம் பூராவும் தூங்கி எழுந்த வயிற்றுக்கு அதுதான் பேதி மருந்து.

அன்றைய கரடி முன்னங்கால்களைப் பலகைமேல் போட்டு, பின்பக்கத்தைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு தின்றது. இருபதடி தூரம் இருக்கும். கரடியை விலக்கச் சினாட்சு இடுப்பில் கட்டியிருந்த மணி ஒலித்ததும் நிமிர்ந்து பார்த்தது. பிறகு அடுத்த செடியைப் பிடுங்கியது.

"போயிடு ராசா" என்றாள் மெதுவாக. "பின்னால நெறைய இருக்கு. அங்க போய்த் தின்னு."

இரண்டு பலகை போட்ட பாதையில், அந்த இடத்தில் ஒன்றைப் பனி முறித்திருந்தது. திரும்பி நடந்தால் கரடிக்கு முதுகைக் காட்ட வேண்டும், அதைவிட முட்டாள்தனம் இல்லை. சுமையை இறக்கினால் ஒற்றைப் பலகையில் தனியாளாகத் தூக்கி எழ முடியாது. சதுப்பில் இறங்கிச் சுற்றிக்கொண்டு போய்விடலாம். பார்க்க ஒரு ஈ காக்கை இல்லை.

சினாட்சு நின்றாள்.

பத்து நிமிடம் ஆனது. இருபது நிமிடம் ஆனது. பட்டை தோளை அறுத்தது. காலையில் குடித்த டீ வேறு அடிவயிற்றில் முட்டியது. திடீரென்று கரடி பின்னங்காலில் எழுந்து நின்று அவள் பக்கம் மோப்பம் பிடித்தது. அப்போதுதான் அது நடந்தது. சூடாகத் தொடை வழியே இறங்கி பூட்ஸுக்குள் போனது. முப்பத்தாறு வயதுப் பெண்ணுக்கு இதைவிட என்ன அவமானம் வேண்டும்? அழுதாள். அழுதுகொண்டே நின்றாள். கால் நகரவில்லை.

மொத்தம் முக்கால் மணி நேரம் ஆனபோது, கரடி நாற்பது பூக்களை மிதித்துத் துவைத்துக்கொண்டு காட்டுப் பக்கம் போனது. "உன் பேர்ல எவனும் குளம் வெட்ட மாட்டான்" என்று முணுமுணுத்துவிட்டு அவள் நடந்தாள்.

விடுதி வாசலில், தன் சுமையை முன்பே கொண்டுவந்து இறக்கியிருந்த ஹகிவாரா உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் கேமராவும் கையுமாக விருந்தினர்கள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தார்.

"எந்த எடத்துல எறங்குன?"

"வந்து சேந்துட்டால்ல, விடுங்க" என்றாள் விடுதிக்காரம்மா கியோ.

"ஈரமா இருக்குல்ல? எந்த எடம்னு கேக்குறேன்."

இறங்கினேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் மானம் தப்பிவிடும், சுமை போய்விடும். சினாட்சு பெட்டிகளைப் பெஞ்சில் பதமாக இறக்கினாள். ஒரு முட்டைகூட உடையவில்லை. பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள்.

"இது சதுப்புத் தண்ணி இல்ல தலைவரே. மூத்திரம். வழியை மறிச்சுக் கரடி நின்னுச்சு. முக்கா மணி நேரம் நானும் எதிர்ல நின்னேன். பயத்துல போயிடுச்சு, ஆனா எறங்கல. சந்தேகம்னா மோந்து பாருங்க." ஒரு காலைத் தூக்கிக் காட்டினாள். பூட்ஸின் அடியில் சேறு இல்லை.

விருந்தினர்கள் மலையைப் பார்க்கத் தொடங்கினார்கள். ஹகிவாரா குனிந்து, அந்தப் பூட்ஸை வெகுநேரம் பார்த்தார். எழுந்து தொப்பியைக் கழற்றினார்.

"நாளைக்கு எழுவது கிலோ கட்டலாமா?"

"கட்டுங்க" என்றாள் சினாட்சு. "டீ மட்டும் குடுக்காதீங்க."