அடுப்படியிலிருந்து படுக்கையறைக்கு ஐந்து மணி நேரம்

அந்த வீட்டின் அடுப்படி ஒரு நகரத்தில் இருந்தது, படுக்கையறை இன்னொரு நகரத்தில். இரண்டுக்கும் நடுவே பேருந்தில் ஐந்து மணி நேரம். இதற்குக் காரணம் குடும்பத் தலைவரின் வேலை. அவர் விலைக் கணக்கெடுப்பாளர். மாநிலத்தின் ஏழு நகரங்களிலும் வாடகை என்ன, பால் என்ன, மருந்து என்ன என்று எழுதிவந்து ஒப்பிட்டுப் பட்டியல் போடுவார். ஒருநாள் தன் சம்பளத்தையே வைத்துப் பார்த்தார். எந்த நகரத்திலும் அது பத்தொன்பதாம் தேதியைத் தாண்டவில்லை. ஒன்றில் வாடகை மலிவு, மருந்து யானை விலை. இன்னொன்றில் பாலும் காய்கறியும் மலிவு, வாடகையைக் கேட்டால் தலை சுற்றும். ஒவ்வொன்றிலும் மலிவானதை மட்டும் வட்டமிட்டுக் கூட்டினார். முப்பதாம் தேதி வரை வந்தது. மறுநாள் காலை வீடு அதன்படியே பிரிந்திருந்தது.

முதலில் தொந்தரவில்லை. அடுப்படி ஜன்னலில் மழை, படுக்கையறை ஜன்னலில் வெயில், நடுவில் இரண்டையும் இணைக்கும் பழைய நாலடி நடை. பேருந்துக் கட்டணம் ஏறிய மாதம்தான் நடை நீளத் தொடங்கியது. கால் மணி நேரமானது, பிறகு இரண்டு நாளானது.

"குழம்பைக் கொடுத்தனுப்பி உப்பு போதுமான்னு கேட்டா பதில் ரெண்டு நாள் கழிச்சு வருது. இதுக்குப் பேரு குடித்தனமா?" என்றாள் மனைவி.

"ஒரே ஊருக்குப் போனா பத்தொன்பதுக்கு மேல பட்டினிடி."

மகளுக்குக் காய்ச்சல் வந்தது படுக்கையறைப் பக்கம். மனைவி பாலைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டி நடையில் இறங்கினாள். சாயங்காலம் படுக்கையறையிலிருந்து அவர் போன் செய்தார்.

"எங்க இருக்க?"

"வீட்டுக்குள்ளதான் இருக்கேன்! எத்தனை தடவை கேப்பீங்க?"

"இவ அம்மா அம்மான்னு அனத்துறா. உடம்பு கொதிக்குது."

"அப்போ தூக்கிட்டு எதிர்ல வாங்க. உங்க பட்டியலா வந்து தூக்கும்?"

இரண்டாம் நாள் மதியம் சந்தித்தார்கள். பால் திரிந்திருந்தது. மகள் அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துத் தூங்கினாள். வியர்த்து, காய்ச்சல் இறங்கியது. எந்தப் பக்கமும் திரும்பிப் போக யாருக்கும் தெம்பில்லை. அந்த இடம் எந்த நகரத்திலும் சேராததால் வாடகை கேட்டு யாரும் வரவில்லை. ஆள் அகலம்தான். ஒருவர் காலடியில் இன்னொருவர் தலை வைத்து, மூவரும் வரிசையாகப் படுத்தார்கள். அப்படியே இரண்டு வருடம் போனது. அவருடைய அலுவலகம் நடையை எட்டாவது நகரமாகப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

அந்த வாரமே பாயும் பக்கெட்டுமாக நாலு பேர் கொண்ட குடும்பம் ஒன்று வந்து நின்றது.

"இங்க வாடகை எவ்ளோங்க?"

மனைவி காலை மடக்கி இடம் விட்டாள்.